பின்னேரம் ஆறு மணிக்கு வீடு வந்தால் சமைக்க வீட்டில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

கொக்குவில் குசினிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். சமையல் பகுதியில் நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. இதுவரை தோட்டப் பகுதியில் கத்தரிக்கு வந்த பூச்சியைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவன்.

மனைவி பத்து மாதப் பயிற்சி ஒன்றுக்காகக் கொழும்பு போயிருக்கிறாள். வீட்டில் நான், அப்பா, தரம் 7 படிக்கிற மகள், தரம் 4 படிக்கிற மகன். அப்பாவுக்கு 72 வயது. சீனி வருத்தம், பிரஷரும் உண்டு. காலையில் சோறும் இரண்டு கறியும் வைத்துவிட்டுத்தான் கந்தோருக்குப் போகிறேன், மத்தியானம் ஒருமாதிரிச் சமாளித்துவிடலாம். பின்னேரம் மகளை ரியூசனில் இருந்து ஏற்றிக்கொண்டு வீடு வர ஆறு மணி. அந்த நேரம் எல்லாருக்கும் பசி, எனக்கு மூளை வேலை செய்யாது.

முதல் மாதம் பாணும் கொத்துமாகப் போனது. கிழமையில் மூன்று நாள் கொத்து என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அப்பாவின் கிளினிக் நாள் வந்தது. டாக்டர் கொப்பியைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்க்கவில்லை.

சரி, இனி ஒழுங்காகச் செய்வோம் என்று சம்பளம் எடுத்த கையோடு போய் 'ஆரோக்கியமான' சாமான் எல்லாம் வாங்கினேன். ஓட்ஸ் இரண்டு பைக்கற், சூப் பைக்கற், ஒலிவ் எண்ணெய், குரக்கன் பிஸ்கட், கொண்டைக்கடலை மூன்று கிலோ, மில்லில் குரக்கன் மா ஐந்து கிலோ. மொத்தமாக எடுத்தால் லாபம் என்று நினைத்தேன்.

குரக்கன் மாவின் கதையைச் சொல்ல வேண்டும். ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிறு பேணியைத் திறந்தேன். மாவின் மேல் சின்னச் சின்னக் கோடுகள், யாரோ ஈர்க்கால் கீறி விளையாடினது போல. மகன்தான் என்று நினைத்து அவனைக் கூப்பிட வாயைத் திறக்க, ஒரு கோடு தானாக நீண்டது. நாலு கிலோவுக்குக் குறையாமல் கோழிகளுக்குப் போனது.

ஓட்ஸ் கஞ்சியை மகன் 'சுவருக்கு ஒட்டுற பசை' என்கிறான். கடலையை முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டும் என்பது எனக்கு அடுத்தநாள் பின்னேரம் ஆறு மணிக்குத்தான் நினைவு வருகிறது. ஒலிவ் எண்ணெய் போத்தல் வடிவாக நிற்கிறது.

மனைவியைக் கேட்டால் "அலுமாரியில எல்லாம் இருக்குத்தானே" என்கிறாள். இருக்கிறதுதான். ஒரே மாதிரி ஏழு பால்மாப் பேணி, ஒன்றிலும் பெயர் இல்லை. வெள்ளையாக இருந்ததை அவித்த மா என்று நினைத்துப் புட்டு அவித்தேன். அது பச்சைக் கோதுமை மா. நீத்துப்பெட்டிக்குள் பந்தாகத் திரண்டு, கரண்டியால் குத்தித்தான் எடுத்தேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதைவிட நாலு வார்த்தை பேசியிருக்கலாம்.

கேள்வி இதுதான். வேலைக்குப் போய் வருகிற நீங்கள் வீட்டில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள்? அரை மணி, முக்கால் மணிக்குள் சாப்பாடு மேசைக்கு வர வேண்டும். அப்பாவுக்கும் ஒத்துவர வேண்டும், பிள்ளைகளும் முகம் சுளிக்கக் கூடாது. பிரிட்ஜ் சின்னது. வெள்ளிக்கிழமை சைவம். நல்லூர்க் கொடி ஏறினால் 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை, அதற்கும் இப்போதே யோசிக்க வேண்டும்.

---

இணுவில் அக்கா

தம்பி, வாசித்துச் சிரித்துப்போட்டுத்தான் எழுதுகிறேன், குறை நினைக்காதையும். 31 வருடம் படிப்பித்துக்கொண்டு மூன்று பிள்ளைகளுக்கும் ஒரு மாமிக்கும் சமைத்த ஆள் நான்.

நீர் சாமான் வாங்கியிருக்கிறீர், வேலையை வாங்கவில்லை. உம்முடைய மனைவியின் ஏழு பேணிக்குள்ளும் இருந்தது மா மட்டுமில்லை, அவவின் ஞாயிற்றுக்கிழமைகள். அரிசியை ஊறவைத்து, இடித்து, வறுத்து, அரித்து வைத்த வேலை உள்ளே இருந்தபடியால்தான் அவவுக்குப் பின்னேரம் இருபது நிமிடத்தில் புட்டு வந்தது. கடையில் பைக்கற்றாக விற்பதும் அந்த வேலையைத்தான், உப்பும் கூடச் சேர்த்து. அதனால் மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலையில் மூன்று மணித்தியாலம் ஒதுக்கும். பிள்ளைகளையும் இழுத்துப் போடும்.

முதல் வேலை, பேணிகளில் பெயரும் திகதியும் எழுதி ஒட்டும். நானும் ஒருகாலம் எழுதாமல் வைத்து, மாமி சீனி என்று உப்பை அள்ளிப் பாயாசத்துக்குள் போட்ட பிறகு திருந்தினவள்.

வறுத்த அரிசி மா. சிவப்புப் பச்சையரிசி இரண்டு கிலோ. கழுவி இரண்டு மூன்று மணித்தியாலம் ஊறவிட்டு, வடித்து, ஈரம் இருக்கும்போதே மில்லில் கொடுத்துத் திரித்து எடும். வீட்டுக்கு வந்ததும் வறுக்க வேண்டும், வைத்தால் புளிக்கும். அகலத் தாச்சியில், அடுப்பைக் குறைத்து, கை எடுக்காமல் கிண்டும். முதலில் கட்டி கட்டியாக நிற்கும், ஆவி பறக்கும். பிறகு ஆவி நின்று, மா மணல் மாதிரித் தாச்சியில் ஓடத் தொடங்கும். ஒரு சிட்டிகை எடுத்து நிலத்தில் கோலம் மாதிரி இழுத்துப் பாரும். கோடு அறாமல் விழுந்தால் சரி. இறக்கி, அரித்து, நன்றாக ஆறின பிறகுதான் பேணி. சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து அந்தத் தண்ணீரே பூஞ்சணத்தைக் கூப்பிடும். புட்டு, இடியப்பம் இரண்டுக்கும் இந்த ஒரு மா போதும், கொதிதண்ணீர் விட்டுக் குழைப்பதுதான் வேலை.

குரக்கன் மா ஒரு கிலோவுக்கு மேல் ஒருநாளும் வாங்காதையும். தவிட்டோடு அரைப்பதால் அதில் எண்ணெய்ப்பற்று உண்டு, வெள்ளை மா மாதிரி நெடுநாள் கிடக்காது, காறல் வாசம் வந்துவிடும். வாங்கினதும் பையோடு நாலைந்து நாள் பிரீசரில் வைத்தீர் என்றால் வண்டு முட்டை செத்துப்போகும், பிறகு வெளியே வைக்கலாம். வேப்பிலை, செத்தல் மிளகாய் போடுகிறவர்களும் உண்டு, நானும் அரிசிக்குள் போடுகிறேன். ஆனால் பிரீசர் மாதிரி வராது. குரக்கனையும் வறுத்த அரிசி மாவையும் பாதிக்குப் பாதி கலந்து புட்டு அவியும், பிள்ளைகள் பேசாமல் சாப்பிடுவார்கள். தனிக் குரக்கன் என்றால் சண்டைதான்.

பருப்பு வகையில், உம்மை மாதிரி மறதிக்காரருக்கு மைசூர்ப் பருப்பும் பயறும்தான். மைசூர்ப் பருப்புக்கு ஊறலே வேண்டாம், 15 நிமிடத்தில் வெந்துவிடும். பயறை வாசம் வரும்வரை வறுத்து, உடைத்து, கோது புடைத்து வைத்தால் அதுவும் ஊறாமல் வேகும். கடலையை விட்டுவிடச் சொல்லவில்லை. சனி இரவு அரைக் கிலோ ஊறப்போட்டு, ஞாயிறு பிரஷர் குக்கரில் அவித்து, ஆறவிட்டு, ஒரு நேரத்துக்கு ஒரு பை என்று கட்டி பிரீசரில் போடும். ஆறு மணிக்கு ஒரு பையை எடுத்து வெங்காயம், செத்தல், கருவேப்பிலை, கொஞ்சம் தேங்காய்ப்பூவோடு தாளித்தால் அப்பாவுக்குப் பாணைவிட நல்ல சாப்பாடு. நல்லூர் 25 நாளுக்கும் இது கைகொடுக்கும்.

இனி நான் ஆசையாகச் சொல்கிறது ஒன்று. பனங்கிழங்கில் வருகிற ஒடியல் மா. ஒடியல் என்றதும் கூழ்தான் எல்லாருக்கும் நினைவு வரும், கூழுக்கு நண்டு, மீன், பத்துச் சாமான் என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். புட்டு அவித்துப் பாரும். மாவை நிறையத் தண்ணீரில் அரை மணி ஊறவிடும். மேலே மஞ்சளாகத் தெளிகிற தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு இன்னொரு முறை. கயர் போவது அதில்தான், இந்த வேலையில் சோம்பக் கூடாது. பிறகு துணியில் கட்டி இறுக்கிப் பிழிந்து உதிர்த்து, தேங்காய்ப்பூ, பச்சைமிளகாய், சின்ன வெங்காயம், ஒரு பிடி முருங்கையிலை, சைவமில்லாத நாளில் ஒரு பிடி நெத்தலி எல்லாம் அதற்குள்ளேயே போட்டு அவியும். தனியாகக் கறி வேண்டாம். ஆவி வரும்போது வருகிற வாசத்துக்கு எங்கள் வீட்டில் பூனையும் வந்து நிற்கும். ஊறுகிற அரை மணியில் நீர் முகம் கழுவித் தேத்தண்ணி குடிக்கலாம். வருடம் முழுக்கப் பனை அபிவிருத்திச் சபைக் கடைகளில் மா எடுக்கலாம், தை மாசியில் கிழங்கு வருகிற காலத்தில் தெரிந்த வீடுகளில் ஒடியலாக வாங்கி நீரே திரிக்கலாம். ஒடியல் பச்சைக் கிழங்கு காய்ந்தது. புழுக்கொடியல் அவித்துக் காய்ந்தது, அது பிள்ளைகள் கடிக்க. இரண்டையும் மாற்றி வாங்கிவிடாதையும், உமது பேணிக் கதை தெரிந்தபடியால் சொல்கிறேன்.

மிச்சம் எல்லாம் உமக்கே தெரியும். மிளகாய்த்தூள், பழப்புளி, நல்லெண்ணெய், உள்ளி, வெந்தயம், தேசிக்காய். தூளைக் கடையில் வாங்காமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வறுத்துத் திரித்தால் கறிக்கு வேறு ஒன்றும் தேவையில்லை. ஒலிவ் எண்ணெயை அப்பாவின் சலாட்டுக்கு ஊற்றி முடியும்.

---

அறைவாசி

அண்ணை, நான் யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் ஒரு அறையில் இருக்கிறேன். ஒரு அடுப்பு, ஒரு சட்டி, பிரிட்ஜ் இல்லை. அக்கா சொல்கிற மூன்று மணித்தியாலம் எல்லாம் எனக்குக் கட்டுப்படியாகாது, மா வறுக்கிற தாச்சியை வைக்கவே இடமில்லை. வறுத்த மாவைச் சந்தைக்குப் பக்கத்தில் வீட்டில் செய்து விற்கிற ஒரு அம்மாவிடம் வாங்குகிறேன். உங்களுக்கும் நேரம் இல்லாவிட்டால் அப்படி ஒருவரைப் பிடியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

என்னுடைய அவசரப் பெட்டியில் எப்போதும் இருப்பது மூன்று. டின்மீன் இரண்டு, சோயாமீற் நாலு பைக்கற், முட்டை பத்து.

டின்மீனை வாங்கும்போது எஸ்.எல்.எஸ். தர முத்திரை பார்ப்பேன், வீங்கின டின்னைத் தொட மாட்டேன். திறந்து தண்ணீரை ஊற்றிவிட்டு, மீனை ஒருக்கால் கழுவி எடுத்தால் உப்பு குறையும். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தக்காளி போட்டுப் பிரட்டி, இறக்கித் தேசிக்காய் விட்டால் முடிந்தது. முள்ளு மெதுவாக இருக்கும், அதையும் நசித்துச் சாப்பிடலாம், கல்சியம்.

சோயாமீற்றில் ஒரு சூட்சுமம் உண்டு. உள்ளே வருகிற தூள் பையை வீசுங்கள். உப்பும் ருசிக்குப் போடுகிற சாமானும் அதில்தான். சோயாவைச் சுடுதண்ணீரில் போட்டு, பிழிந்து, திரும்பவும் போட்டுப் பிழிந்து, அக்காவின் மிளகாய்த்தூளில் சமைத்தால் இறைச்சிக்கறி மாதிரி வரும். 25 நாள் திருவிழாவை நான் இதை நம்பித்தான் ஓட்டுகிறேன்.

மரக்கறி பின்னேரம் சந்தை கலைகிற நேரம் எடுங்கள். விலை விழும். ஆனால் கீரை அந்த நேரம் வாடியிருக்கும், கீரைக்குக் காலைதான்.

---

வெள்ளைச் சப்பாத்து

அண்ணா, நான் வார்டில் வேலை செய்கிறவள். உங்கள் அப்பாவை மனதில் வைத்துச் சில விஷயம் சொல்கிறேன். இணுவில் அக்கா கோபிக்க வேண்டாம்.

குரக்கன், ஒடியல் என்றால் சீனி வருத்தக்காரர் எவ்வளவும் சாப்பிடலாம் என்று எங்கள் ஊரில் ஒரு நினைப்பு. வார்டில் தினமும் கேட்கிறேன், "நான் சோறே தொடுறதில்லை மிஸ், மூண்டு நேரமும் குரக்கன் புட்டு." குரக்கனில் கல்சியமும் நார்ச்சத்தும் நிறைய இருக்கிறது, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் கிட்டக் கல்சியம். அதற்காக அதில் மாச்சத்து இல்லை என்று ஆகிவிடாது. அப்பாவுக்கு ஒரு நீத்துப்பெட்டிப் புட்டை நாலாக வெட்டி ஒரு பங்கு வையுங்கள், கோப்பையில் பாதி கீரையும் மரக்கறியும் இருக்கட்டும், பக்கத்தில் பருப்போ முட்டையோ மீனோ. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் கொடுத்தால் குரக்கனுக்குப் போன காசு வீண்.

பிரஷருக்கு உப்புத்தான் எதிரி. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது. ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு, கறிக்குள் போடுவதும் சேர்த்து. கருவாடு, மோர் மிளகாய், அப்பளம், ஊறுகாய், நீங்கள் வாங்கின சூப் பைக்கற் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். நெத்தலியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கழுவிவிட்டுப் போடுங்கள்.

பைக்கற்றில் வாங்குவதாக இருந்தால் சீனி, உப்பு, கொழுப்பு என்று போட்டிருக்கிற நிறக் குறியைப் பாருங்கள். சிவப்பு என்றால் கூட, செம்மஞ்சள் நடுத்தரம், பச்சை குறைவு. பின்பக்கத்தில் சேர்மானங்களை எடை கூடினதிலிருந்து குறைந்ததுக்கு வரிசையாகப் போட்டிருப்பார்கள். உங்கள் குரக்கன் பிஸ்கட்டைத் திருப்பிப் பாருங்கள், முதலில் என்ன எழுதியிருக்கிறது என்று.

---

கொக்குவில் குசினிக்காரன்

திருப்பிப் பார்த்தேன் தங்கச்சி. கோதுமை மா, சீனி, மரக்கறிக் கொழுப்பு. குரக்கன் நாலாவது.

---

வடமராட்சி வெயில்

எல்லாரும் பிரீசர் பிரீசர் என்கிறீர்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினது மறந்துபோச்சா? பருத்தித்துறையில் நல்ல பாரை மலிவாகக் கிடைத்தது என்று ஏழு கிலோ வெட்டிப் பிரீசரில் அடைத்து வைத்திருந்தேன். கடைசியில் தென்னைக்குத்தான் போட்டேன். காஸும் இல்லை, சமைத்து முடிக்கவும் வழியில்லை. அன்றைக்கு வீட்டைக் காப்பாற்றினது அம்மா மண்சட்டியில் வைத்திருந்த புழுக்கொடியலும், வளையில் கட்டித் தொங்கவிட்ட சின்ன வெங்காயமும், பின்வளவில் நின்ற முருங்கையும், மூன்று கல்லு அடுப்பும். பிரீசரில் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கிழமைக்குக் காணுமான காய்ந்த சாமான் வெளியிலும் இருக்கட்டும்.

---

இணுவில் அக்கா

வெயில் சொல்வது சரி. வெள்ளைச் சப்பாத்து சொன்னதும் சரிதான் பிள்ளை, கோபம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நீத்துப்பெட்டிப் புட்டை நாலாக வெட்டச் சொன்னீர். எங்கள் வீட்டு நீத்துப்பெட்டியைப் பார்த்தால் எட்டாக வெட்டச் சொல்லியிருப்பீர்.

---

கொக்குவில் குசினிக்காரன்

மூன்று கிழமை கழித்து வந்து எழுதுகிறேன்.

மா வறுத்தேன். இரண்டு கிலோ என்று சொன்னீர்கள் அக்கா, நான் பயத்தில் ஒரு கிலோதான் ஊறவைத்தேன். வறுத்து முடிக்க ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டப் போனது, வலது தோள்மூட்டு அடுத்த நாளும் வலித்தது. கோடு போட்டுப் பார்க்கிற வேலையை மகன் எடுத்துக்கொண்டான். குசினி நிலம் முழுக்கக் கோடு. மூன்றாவது தடவைதான் அறாமல் விழுந்தது. பேணிகளுக்குப் பெயர் எழுதினது மகள். 'வறுத்த அரிசி மா', 'பயறு' என்று எழுதி, பச்சைக் கோதுமை மாவுக்கு 'அப்பா தொடக் கூடாது' என்று எழுதியிருக்கிறாள்.

கடலை ஐந்து பை பிரீசரில் இருக்கிறது. கொத்து கிழமையில் ஒரு நாளாகக் குறைந்துவிட்டது. சோயாத் தூள் பையை வீசினதை மகன் கண்டுபிடித்து அழுதான், இப்போது பாதிப் பை போடுகிறேன்.

ஒடியல் புட்டு இரண்டு தடவை அவித்தேன். முதல் தடவை அவசரத்தில் ஒரு தண்ணீரோடு விட்டுவிட்டேன், கயர்த்தது, பிள்ளைகள் தொடவில்லை, எல்லாத்தையும் வெளியே கொட்டினேன். இரண்டாம் தடவை ஒழுங்காக இரண்டு தண்ணீர் மாற்றினேன். அப்பா நாலில் ஒரு பங்கு சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைத் தள்ளாமல் இருந்தார். "உன்ர அப்பாச்சி இறால் போடுவா" என்றார். அவ்வளவுதான். போன கிழமை முழுக்க அவர் சாப்பாட்டைப் பற்றிச் சொன்ன ஒரே வசனம் அது. இந்தச் சனி குருநகர் போய் இறால் எடுக்க இருக்கிறேன்.

ஒரு சந்தேகம். வெயில் சொன்னதைக் கேட்டு முருங்கையிலையும் காய வைப்போம் என்று மொட்டை மாடியில் இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டேன். பழுப்பாகி, வைக்கோல் மாதிரி இருக்கிறது. வாசமும் இல்லை. பாவிக்கலாமா?

---

இணுவில் அக்கா

முருங்கையிலையை நிழலில் காற்றோட்டத்தில் காய விட வேண்டும் தம்பி, பச்சை நிறம் மாறாமல் நொறுங்க வேண்டும். நீர் வைத்திருப்பதைக் கோழிக்குப் போடும். அதோடு, உம்முடைய வளவில் முருங்கை நிற்கிறது என்று போன மாதம் தோட்டப் பகுதியில் நீரேதான் மசுக்குட்டிக்கு மருந்து கேட்டிருந்தீர். மரம் நிற்கிற வீட்டில் இலையை ஏன் ஐயா காய வைக்கிறீர்?